பலம் என்று எழுத ஒன்றுமே வரவில்லை!

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன வருடம் மனநல மருத்துவர் எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனத்தை நிலைநிறுத்துவதில் சிக்கல், சிலருக்கு அதீத துறுதுறுப்பும்) இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார். ஓரளவு பரவாயில்லை. கவுன்சலிங்கில், ‘உங்கள் பலங்கள் பத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்றார்கள். நோட்டைத் திறந்து திறந்து மூடுகிறேன், ஒன்றுகூட வரவில்லை. கரண்ட் பில் கட்ட மறப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவேன். எக்செல் ஷீட்டை அப்டேட் செய்யாமல் திட்டு வாங்குவேன். போன மாதம் டையிங்கில் (துணிக்குச் சாயம் ஏற்றும் இடத்தில்) கலர் மாறி வந்தபோது ராத்திரியோடு ராத்திரியாகப் பேசி ஷிப்மெண்டைக் காப்பாற்றினேன். அது பெரிய விஷயமில்லை. ‘அக்கறை இருந்தால் மறக்குமா?’ என்கிறார் கணவர். எனக்கு நிஜமாகவே ஏதாவது பலம் இருக்கிறதா? எட்டு வயது மகனும் என்னைப் போலவே இருக்கிறான், அதுவும் பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

‘அது பெரிய விஷயமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே கொஞ்சம் நிற்போம்.

டையிங்கிலிருந்து வந்த துணி, பையர் (ஆர்டர் கொடுத்தவர்) ஒப்புக்கொண்ட ஷேடோடு ஒத்துப்போகவில்லை. ஷிப்மெண்ட் தேதியோ நெருங்கிவிட்டது. எந்த யூனிட்டில் உடனே மிஷின் கிடைக்கும், அந்த நேரத்தில் யாரைப் போனில் எழுப்பலாம், எந்த சைஸை முதலில் கட்டிங்குக்கு விட்டால் நாள் மிச்சமாகும், பையரிடம் எதை எப்படிச் சொல்வது என்று எல்லாமே ஒரே சமயத்தில் உங்கள் தலைக்குள் ஓடியிருக்கும். தூக்கம் கலைந்த எரிச்சலில் பேசுகிறவரையும் சமாதானப்படுத்தி வேலை வாங்கியிருப்பீர்கள். அந்த மாதிரி நேரத்தில் கைகால் ஓடாமல் உட்கார்ந்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். உங்களுக்கு அது சுலபமாக வந்தது. சுலபமாக வந்ததாலேயே அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

நோட்டில் எழுத வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெண் குழந்தைகளிடம் ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் ஓட்டமும் ஆட்டமுமாக வெளியே தெரிவதில்லை. வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ‘எதையோ யோசிக்கிறா’ என்று விட்டுவிடுவார்கள். பல பெண்களுக்கு முப்பது வயதுக்கு மேல்தான் விஷயமே தெரிய வருகிறது. அதுவரை கேட்ட ‘சோம்பேறி’, ‘பொறுப்பில்லாதவள்’ எல்லாம் மனதில் அடுக்கடுக்காக இருக்கும். ‘உன் பலம் என்ன?’ என்று கேட்டால் முதலில் அவைதான் எழுந்து வரும்.

அதனால் அந்தப் பத்துப் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பொறுமை, நேர்மை என்று எழுதினாலும் அதனால் உங்களுக்குப் பெரிய பிரயோஜனமில்லை. குணங்களைத் தேடுவதைவிட, உங்கள் மூளை நன்றாக ஓடிய சந்தர்ப்பங்களைப் பிடித்து வைப்பது நல்லது. வேலை நன்றாக நடந்தது என்று தோன்றிய உடனே, அங்கேயே நின்று, வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே ஒரு வாய்ஸ் நோட் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் எழுதலாம் என்று வைத்தால் மறந்துவிடும், ஏ.டி.எச்.டி.யின் இயல்பே அது. என்ன வேலை, தனியாகவா யாருடனாவது சேர்ந்தா, கெடு இருந்ததா, புது வேலையா பழைய வேலையா, முந்தைய இரவு தூங்கினீர்களா, இவ்வளவு சொன்னால் போதும். சில வாரம் கழித்து மொத்தமாகக் கேட்டுப் பாருங்கள். எது இருந்தால் உங்களுக்கு வேலை ஓடுகிறது என்பது பிடிபடும். என் பார்வையில் உங்கள் பலத்தைத் தேட வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம், அன்று ராத்திரி உங்களோடு வேலை பார்த்த ஒருவரிடம் பேசுங்கள். ‘என் பலம் என்ன?’ என்று கேட்டால் அவர் நெளிவார். ‘அன்னைக்கு நான் என்ன செஞ்சேன், நீங்க பார்த்ததைச் சொல்லுங்க’ என்று கேளுங்கள்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். இந்தத் துறையில் நெடுங்காலம் ஆராய்ச்சி செய்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி திரும்பத் திரும்பச் சொல்வது இது: ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல். உங்களுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் வைப்பதுதான் கஷ்டம். ஆர்வம், புதுமை, அவசரம் இருந்தால் கவனம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். டையிங் பிரச்சினையில் மூன்றுமே இருந்தன. எக்செல் ஷீட்டில் ஒன்றுமில்லை. அக்கறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்லி ஏறாதது அங்கே ஏறலாம்.

‘ஏ.டி.எச்.டி. ஒரு சூப்பர் பவர்’ என்று ரீல்ஸில் சொல்கிறார்களே, அதை நான் ஏற்கவில்லை. இதனால் வேலையை இழந்தவர்களுக்கும் உறவு கசந்தவர்களுக்கும் அந்தப் பேச்சு வலியைத்தான் தரும். 2006-இல் ஹாலி வைட், பிரீத்தி ஷா இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சாதாரணப் பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டதில் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் முந்தினார்கள். மூன்று சொற்களைக் கொடுத்து அவற்றை இணைக்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது மற்றவர்கள் முந்தினார்கள். பல பக்கம் பாயும் யோசனை ஓரிடத்தில் கைகொடுக்கிறது, இன்னோரிடத்தில் காலை வாருகிறது. உங்களுக்கும் இரண்டும் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்து உங்களை எடைபோடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நெருக்கடியில் நன்றாக ஓடுகிறது என்பதற்காக எல்லாவற்றையும் நெருக்கடி ஆகும்வரை விட்டுவைக்கக் கூடாது. தூக்கமும் உடம்பும் கெட்டுப்போகும். அந்த ஷீட்டுக்குத் தினமும் ஒரு நேரம் குறித்து, பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு முடியுங்கள். அவர் தன் வேலையைப் பார்த்தாலே போதும், பலருக்கு இது உதவுகிறது. புது பையரின் சாம்பிள் வேலை, சிக்கலான ஆர்டர்கள் எல்லாவற்றையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, ஷீட் வேலையில் கொஞ்சத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது அந்த ஷிப்மெண்ட் விஷயத்தை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம். கரண்ட் பில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். பால் காய்ச்ச, டைமர் உள்ள இண்டக்‌ஷன் அடுப்பு நல்லது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு ‘எனக்கும் இப்படித்தான்’ என்று நினைப்பவர்களுக்கு: 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று மருத்துவர் கேட்பார். வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டு போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏ.டி.எச்.டி. பரம்பரையாக வருவது அதிகம்தான். ஆனால் எட்டு வயதில் துறுதுறுவென்று இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் அது இருக்கிறது என்று சொல்ல முடியாது. வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அறிகுறிகள் தெரிகின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். முதலில் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். எந்தப் பாடத்தில் நழுவுகிறான் என்று கேட்கும்போதே எதில் மெய்மறந்து உட்காருகிறான் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.