டைக்கர் ஹைட்ஸ்: வாசல்வரை போகலாம், கேட்டைத் திறக்காதீர்கள்

செப்டம்பரில் ஜெர்சி சிட்டிக்குக் குடிவந்த வில்லிவாக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். நியூயார்க் புரூக்ளினில் டைக்கர் ஹைட்ஸ் என்ற ஏரியாவில் கிறிஸ்துமஸ் விளக்கு பிரமாதமாக இருக்கும், அவசியம் கூட்டிப்போ என்று ஆபீஸில் சொல்கிறார்கள். டிக்கெட் உண்டா? முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தால் தப்பாக நினைக்க மாட்டார்களா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு."

தாராளமாகப் போங்கள் தம்பி. டிக்கெட்டெல்லாம் கிடையாது. அவர்கள் விளக்குப் போடுவதே தெருவில் போகிறவர்கள் பார்க்கத்தான். ஆனால் ஒன்று, நம் ஊர் கொலு மாதிரி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் மாட்டிக்கொண்டேன்.

இந்த டிசம்பர் நான் பெரம்பூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். எதிர்வீட்டு ஆன்ட்டி வழக்கம்போல மாடியில் மூங்கில் கட்டி ஒரு நட்சத்திரம் தொங்கவிட்டிருக்கிறார். உள்ளே ஒரே ஒரு பல்பு. பண்டிகையன்று பிளம் கேக்கும் கல்கலும் அச்சு முறுக்கும் ஒரு தட்டில் வரும். தீபாவளிக்கு அதே தட்டு இங்கிருந்து அங்கே போயிருக்கும். ரயில்வே ஆட்கள் நிறைந்த தெரு, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நாலைந்து இருந்தன. இப்போது ஆன்ட்டி வீடு மட்டும்தான். இப்படிப் பழகிய கண்ணுக்கு டைக்கர் ஹைட்ஸ் முதலில் கொஞ்சம் ஓவராகத்தான் தெரியும்.

அது பெரும்பாலும் இத்தாலியக் குடும்பங்கள் இருந்த ஏரியா. இப்போது சீனக் குடும்பங்களும் நிறைய. 1980களில் 84வது தெருவில் ஒரு பெண்மணி, தன் அம்மாவின் நினைவாக வீடு முழுக்க விளக்குப் போட ஆரம்பித்தார் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லையாம். அப்புறம் அவர்களும் போட, எதிர்வீடும் போட, தெருத்தெருவாகப் பரவிவிட்டது. இன்று 11வது அவென்யூவிலிருந்து 13வது அவென்யூ வரை, 83லிருந்து 86வது தெரு வரை சுற்றினால் முக்கியமானதெல்லாம் பார்த்துவிடலாம். இரண்டு மாடி உயரத்துக்குப் பொம்மைச் சிப்பாய்கள் நிற்கும் வீடு உண்டு. சிலர் ஏணி போட்டுத் தாங்களே கட்டுகிறார்கள், சிலர் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து கான்ட்ராக்டில் விடுகிறார்கள். எனக்கென்னவோ முதல் ரகம்தான் பிடிக்கும். ஒயர் கொஞ்சம் தொங்கும், ஒரு வரிசை எரியாது, ஆனால் வீட்டுக்காரர் கை பட்டது தெரியும். பகலில் மட்டும் போகாதீர்கள். காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்தியதும் பலூன் சாண்டா புல்லில் மூஞ்சி குப்புற விழுந்து கிடப்பார், பரிதாபமாக இருக்கும்.

சரி, என் கதை. 2017இல் அம்மா முதல்முறை வந்தபோது நாங்கள் நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருந்தோம். டிசம்பர் 23, சனிக்கிழமை. அதைவிடக் கேவலமான நாளை யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. புரூக்ளினுக்குள் போகும் வெரசானோ பாலம் இறங்கினால் பத்து நிமிடம்தான் என்று காரில் கிளம்பினோம். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. எல்லாம் ஒருவழித் தெரு, முன்னால் போகிற ஒவ்வொரு காரும் ஒவ்வொரு வீட்டுக்கும் நின்று போட்டோ எடுக்கிறது. அம்மா பாத்ரூம் போகவேண்டும் என்றார். எங்கே போவது? அது முழுக்க வீடுகள் இருக்கிற இடம், பொதுக் கழிப்பறை என்று எதுவும் கண்ணில் படவில்லை. காரை எங்கோ விட்டு, ஒரு கடைக்காரரிடம் கெஞ்சி, அது தனிக் கதை.

திரும்பி வந்து நடந்தோம். ஒரு வீட்டு முன்னால் ஆளுயரச் சிலைகளோடு குடில். நான் போன் எடுப்பதற்குள் அம்மா இடுப்புயரக் கேட்டின் கொக்கியை நீக்கிவிட்டு உள்ளே போய் நிற்கிறார். அவருக்கு அதில் தவறே தெரியவில்லை. நவராத்திரியில் தெரியாத வீட்டுக்குக்கூடப் போய், கொலு பார்த்து, ஒரு பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கி வந்தவர். குடிலைக் கும்பிட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "குழந்தை இல்லை பார், 24 ராத்திரிதான் வைப்பாங்க, ஆன்ட்டி வீட்லயும் அப்படித்தான்" என்று விளக்கம் வேறு. அதற்குள் வீட்டுக்காரப் பெரியவர் கதவைத் திறந்து, "ஏதாவது வேண்டுமா?" என்றார். வார்த்தை மரியாதைதான், குரல் இல்லை. நான் நாலு தடவை சாரி சொல்லி அம்மாவை வெளியே கொண்டுவந்தேன். அவரும் பாவம். புல் முழுக்க ஒயர் ஓடுகிறது, யாராவது தடுக்கி விழுந்தால் கேஸ் அவர் மேல் வரலாம். உங்கள் அம்மாவிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்: நடைபாதையில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு.

நீங்கள் காரே எடுக்க வேண்டாம். திங்களிலிருந்து வியாழனுக்குள் ஒரு நாள், டிசம்பர் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு. அதற்கு முன் போனால் பாதி வீடுகளில் வேலை முடிந்திருக்காது. ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டன் போகும் பாத் (PATH) ரயிலில் வேர்ல்ட் டிரேட் சென்டர், அங்கிருந்து உள்வழியாகவே கார்ட்லண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷன், பே ரிட்ஜ் போகும் ஆர் (R) சப்வே ரயில், இறங்குவது 86வது தெரு. பாத்துக்கும் சப்வேக்கும் தனித்தனியாகக் காசு. 86வது தெரு ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது, அம்மாவுக்கு உதவும். ஸ்டேஷனைச் சுற்றிக் கடைத்தெரு, ஒரு காபி வாங்கிக்கொண்டு பாத்ரூம் வேலையை அங்கேயே முடித்துவிடுங்கள். அங்கிருந்து 11வது அவென்யூ கிட்டத்தில் இருப்பதுபோல மேப்பில் தெரியும், நம்பாதீர்கள். தெருவுக்குத் தெரு கிட்டம், அவென்யூவுக்கு அவென்யூ தூரம். முழங்கால் வலிக்காரருக்கு அரை மணி நேர நடை வேண்டாம், வாடகைக் கார் பிடியுங்கள். நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஐந்தரைக்கு அங்கே நின்றால் கூட்டத்துக்கு முன்னால் ஒரு சுற்று வந்துவிடலாம். ராத்திரி ஒன்பதுக்குமேல் பல வீடுகளில் அணைத்துவிடுவார்கள்.

அப்பா கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்பார், தயாராக இருங்கள். என் அம்மா அன்று காரில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, "இங்கேயும் நூறு யூனிட் ஃப்ரீயா?" எல்லாம் எல்இடி, அவ்வளவு இழுக்காது என்றேன். நம்பவில்லை. அதற்குள் அவர் கவனம் காலுக்குப் போய்விட்டது. புடவைக்கு ஷூ போடமாட்டேன் என்று அடம்பிடித்து, சாக்ஸ் மேலே செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாக்ஸுக்குள் மெட்டி ஐஸாகி விரலைக் கடித்தது. ஹீட்டர் பக்கம் காலை நீட்டிக்கொண்டு எடிசன் வரும்வரை பேசவே இல்லை. ஒரு சைஸ் பெரிய ஷூவாக வாங்கி, இரண்டு சாக்ஸ் போட்டு அழைத்துப் போங்கள். மெட்டியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள், கேட்க மாட்டார்.