கிரான் நிரலை உலாவியில் ஓடவிடாமல் தடுப்பது எப்படி?

கேள்வி: பழைய பதிவுகளை அழிக்கும் பிஎச்பி நிரல் ஒன்றைக் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் சேவை) மூலம் தினமும் இரவு 2 மணிக்கு இயக்கி வருகிறேன். அதன் முகவரியை யாரோ உலாவியில் திறந்ததால், பகலிலேயே அது ஓடி முடிந்துவிட்டது. கட்டளை வரியில் அழைத்தால் மட்டும் ஓடும்படி செய்ய முடியுமா?

பதில்: முடியும். தன்னை எந்த வழியாக அழைத்தார்கள் என்பதை பிஎச்பி, பிஎச்பி_எஸ்ஏபிஐ என்னும் மாறிலியில் வைத்திருக்கிறது. கட்டளை வரியென்றால் அதன் மதிப்பு, சிறிய எழுத்துகளில், 'சிஎல்ஐ'. வலைச் சேவையகத்துக்காக பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம் வழியாக வந்தால் 'எஃப்பிஎம்-எஃப்சிஜிஐ'. ஆகவே நிரலின் தொடக்கத்திலேயே, வேறெந்தக் கோப்பையும் சேர்ப்பதற்கு முன், இம்மதிப்பு 'சிஎல்ஐ' அல்லவென்றால் அனுமதி இல்லை என்னும் 403 குறியீட்டை அனுப்பிவிட்டு வெளியேறும்படி எழுதுங்கள். முழு மதிப்பையும் ஒப்பிட வேண்டும். முதல் மூன்று எழுத்துகளை மட்டும் பார்த்தால், பிஎச்பி 5.4இல் வந்த உள்ளமைந்த வலைச் சேவையகம் 'சிஎல்ஐ-சர்வர்' என்ற பெயரோடு உள்ளே நுழைந்துவிடும்.

கட்டளை வரியில் கொடுக்கும் மதிப்புகளைத் தாங்கும் ஆர்க்வி மாறி இருக்கிறதா என்று சோதிக்கும் பழைய வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ரிஜிஸ்டர்_ஆர்க்சி_ஆர்க்வி அமைப்பு இயக்கத்தில் இருந்தால், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் எதைத் தட்டினாலும் அது ஆர்க்விக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தடுப்பை எழுதிய மறுநாள் கிரான் வேலையே நின்றுபோனால் பதற வேண்டாம். சில பகிர்வு ஹோஸ்டிங்குகளில் கிரான் அழைப்பது, வலைச் சேவையகத்துக்கான சிஜிஐ வகை பிஎச்பியை. அப்போது மதிப்பு 'சிஜிஐ-எஃப்சிஜிஐ' என்று வருவதால், உங்கள் தடுப்பு உங்களையே தடுக்கும். கிரான் அனுப்பும் மின்னஞ்சலின் உள்ளடக்கத்தில், தொடக்கத்திலேயே, 'கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்ற வரி தென்பட்டால் இதுதான் காரணம். டெர்மினலில் சோதித்துப் பார்ப்பது போதாது, ஏனெனில் அங்கே கிடைக்கும் பிஎச்பியும் கிரானுக்குக் கிடைக்கும் பிஎச்பியும் வேறாக இருக்கலாம். கிரானிலேயே ஒருமுறை 'பிஎச்பி -வி' கட்டளையை இயக்கினால், பதிப்பு எண்ணை அடுத்து அடைப்புக்குறிக்குள் வகை தெரியும். பிறகு கிரான் வரியில் சிஎல்ஐ பிஎச்பியின் முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் இரண்டாம் காவல்தான். பதிவுகளை அழிக்கும் ஒரு கோப்பு உலாவியில் திறக்கக்கூடிய கோப்புகள் இருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள் இருக்க வேண்டிய தேவையே இல்லை; அதற்கு வெளியே ஒரு கோப்புறைக்கு மாற்றிவிட்டால், அதைத் திறப்பதற்கு முகவரியே இராது. ஆனால் சிஎல்ஐ, நிரல் இருக்கும் கோப்புறைக்குத் தானாகப் போய் நிற்பதில்லை. எனவே மாற்றும்போது, உள்ளே சேர்க்கும் கோப்புகளின் பாதைகளை எல்லாம் கோப்பு இருக்கும் கோப்புறையைக் குறிக்கும் __டிஐஆர்__ மாறிலியிலிருந்து தொடங்குமாறு திருத்திக்கொள்ளுங்கள்.