கோப்பிக் காலம் ஏன் முடிந்தது?

கேள்வி: இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு முன்பு கோப்பிதான் இருந்தது என்றும், ஒரு பூஞ்சணம் வந்து அத்தனையையும் அழித்துவிட்டது என்றும் என் பாட்டி சொல்வார். ஓர் இலை நோயால் ஒரு நாட்டின் பயிரே இல்லாமற்போகுமா?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: பாட்டி சொன்னது உண்மைதான். ஆனால், இந்தத் துரு நோய் செடியை ஒரேயடியாகக் கொல்வதில்லை. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் மாவுபோல ஒட்டியிருந்து, தடவினால் விரலில் படியும் தூள்தான் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சணத்தின் வித்திகள். காற்றில் பறந்துபோய் ஈரமான இன்னோர் இலையில் விழுந்தால், அவை முளைத்து இலைத்துளை வழியே உள்ளே நுழைந்துவிடும். இந்நோயால் இலை உதிர்ந்த கிளை, இருக்கும் காயை முற்றவைப்பதிலேயே சத்தையெல்லாம் இழந்து காய்ந்துவிடுவதால், அடுத்த ஆண்டு பூப்பதற்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் நோய் தென்பட்டபோது, அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் சிலரே. ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தாலும் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால், தோட்டத் துரைமார் மேலும் மேலும் காடழித்து நட்டார்கள். 1878 அளவில் பரப்பு சுமார் 275,000 ஏக்கரை எட்டியது. மலை மலையாக ஒரே செடி நின்றது பூஞ்சணத்துக்கு விரித்துவைத்த பந்தியாயிற்று. 1880இல் ஆராய வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் நோயின் போக்கைத் தெளிவாக விளக்கினார், ஆனால் காலம் கடந்திருந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் 1884இல் முறிந்தது.

துரைமாரின் நட்டம் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. வீட்டுத் தோட்டத்துக் கோப்பியை விற்று வயல்வரி கட்டிவந்த கண்டிக் கிராமத்தவரின் கதையைத்தான் பலர் அறியார். கோப்பி போனதும் வரி நிலுவையாகி, வலப்பனை போன்ற இடங்களில் பலருடைய வயல்கள் ஏலத்தில் போயின. தமிழ்நாட்டிலிருந்து கோப்பி பறிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். கோப்பிக்குப் பதிலாக வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் தேவைப்பட்டதால், குடும்பங்கள் லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளிலேயே தங்க நேர்ந்தது.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு கோப்பிச் செடிகள் நிற்கின்றன. இலைக்கடியில் அதே மஞ்சள் தூளைக் காண்கிறேன். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மாத்தளை

பதில்: மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையை, அரைச் சதவீதச் (0.5%) செறிவில், மழை தொடங்குமுன் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். (இது பிரான்சில் 1885இல்தான் அறிமுகமானது, இலங்கைக் கோப்பி அதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது.) வித்தி உள்ளே நுழைந்த பிறகு தெளித்துப் பயன் குறைவு. நெருங்கிய கிளைகளைக் கவாத்து செய்து காற்றோட்டம் உண்டாக்குங்கள். புதிதாக நடுவதானால், நோயைத் தாங்கும் இனக் கன்றுகளை வாங்குங்கள். அரபிகா இனத்தைவிட ரொபஸ்டா இந்நோயை நன்றாகவே தாங்கும்.