கை கூப்பினால் தலை தாழ்த்தும் குட்டி

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று மாத ஆண் சிப்பிப்பாறை நாய்க்குட்டி வளர்கிறது. மேரி பிஸ்கட்டைக் காட்டினால் உட்காருகிறான். கையில் பிஸ்கட் இல்லையென்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்னும் இரண்டரை மாதத்தில் ஐயாவுக்கு 70ஆம் சாந்தி, அதாவது எழுபதாம் வயதுச் சடங்கு. சொந்தபந்தம் எல்லாம் வரும். அதற்குள் பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைச் சேர்த்து வணக்கம் வைக்கப் பழக்க ஆசை. “நாலு அடி போட்டால் தானாகச் செய்யும்” என்கிறார் அப்பத்தா. என்ன செய்யலாம்?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதலில் அந்த ஆசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். பின்னங்காலில் நிற்கும் வித்தை இந்த வயதில் வேண்டவே வேண்டாம். குட்டியின் எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். சிப்பிப்பாறை போல உயரமாக, கால் நீண்டு வளரும் நாய்க்கு அது இறுக ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகும். அதற்கு முன் தினமும் பத்து, இருபது தடவை பின்னங்காலில் நிறுத்தினால் இடுப்பிலும் முழங்காலிலும் முதுகிலும் சுமை ஏறும். போதாக்குறைக்கு உங்கள் ஊர் வீடுகளில் தரை ஆத்தங்குடிக் கல். மனிதர் காலுக்குச் சுகமான அந்த வழவழப்பில் நாயின் பாதம் பிடிப்பில்லாமல் வழுக்கும்.

அதற்குப் பதில், நீங்கள் கை கூப்பியதும் முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையில் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி வணங்கக் கற்றுக்கொடுங்கள். பார்க்க இதுதான் அழகு. குட்டி ஏற்கெனவே தினமும் தானாகச் செய்கிற காரியமும்கூட. தூங்கி எழுந்ததும் சோம்பல் முறிக்கும்போது கவனித்துப் பாருங்கள், அதே நிலைதான்.

வித்தைக்கு முன் பிஸ்கட் சிக்கலைத் தீர்க்க வேண்டும். உங்கள் குட்டி பிடிவாதம் பிடிக்கவில்லை. ‘உட்கார்’ என்ற சொல்லை அவன் இன்னும் கற்கவே இல்லை. கண்ணுக்கு முன் ஆடும் பிஸ்கட்டையே கட்டளையாக எடுத்துக்கொண்டிருக்கிறான். தீனியைக் காட்டி இழுப்பதை முதல் ஐந்தாறு தடவையோடு நிறுத்தாமல் வாரக்கணக்கில் தொடர்ந்தால் எந்தக் குட்டியும் இப்படித்தான் ஆகும்.

சரிசெய்வது இப்படி. வீட்டில் சாதாரணமாகப் புழங்காத ஒரு சின்னச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ‘ஜோர்’ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் வேறெதுவும் கேட்காமல், ‘ஜோர்’ என்று சொன்னதும் ஒரு துண்டு தீனி கொடுங்கள், ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. சொல் காதில் விழுந்ததும் தலையைத் திருப்பி உங்கள் கையைத் தேடினால் புரிந்துவிட்டது என்று பொருள். இனி அவன் சரியாகச் செய்கிற அந்த நொடியிலேயே ‘ஜோர்’ விழ வேண்டும். இரண்டு மூன்று நொடி தாமதித்தால் அவன் எழுந்திருப்பான்; எழுந்ததற்குத்தான் பரிசு என்று மனதில் பதியும். பழக்கம் பெரும்பாலும் கெடுவது இந்தத் தாமதத்தால்தான்.

அடுத்து, தீனியை விரலிடுக்கில் வைத்து மூக்குக்கு மேலாகத் தலைக்குப் பின்னால் மெல்லக் கொண்டுபோனால் பின்பக்கம் தானாகத் தாழும். ஐந்து தடவை அப்படி. ஆறாவது தடவை அதே கையசைப்பு, ஆனால் வெறுங்கை. உட்கார்ந்ததும் ‘ஜோர்’ சொல்லி, பக்கத்தில் மூடி வைத்திருக்கும் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுங்கள். உண்மையில் வித்தை பிறப்பது இந்த ஆறாவது தடவையில்தான். வெறுங்கைக்குப் பத்தில் எட்டுத் தடவை உட்காரும்வரை சொல்லைச் சேர்க்காதீர்கள். பிறகு சொல் முதலில், ஒரு நொடி இடைவெளி, அதன்பின் கையசைப்பு. சொல்லையும் அசைப்பையும் ஒன்றாகக் கொடுத்தால் அவன் அசைப்பை மட்டும் பார்ப்பான், சொல் காதில் ஏறாது.

சிப்பிப்பாறைக்கு ஒரு தனிக் குறிப்பு. ஒல்லியான இடுப்பு, சதைப்பிடிப்பு குறைவு. வெறும் கல்தரையில் உட்கார இந்த நாய்களுக்குப் பிடிக்காது, பாதி உட்கார்ந்த நிலையிலேயே நிற்கும். இடுப்பை அழுத்தி உட்காரவைக்காதீர்கள். அழுத்தினால் எதிர்த்து விறைக்கும், மூட்டும் நோகும். அடியில் ரப்பர் உள்ள யோகா விரிப்பை விரித்துப் பழக்குங்கள். கோரைப்பாய் ஆத்தங்குடிக் கல்லில் தானே நழுவும் என்பதால் உதவாது. நகம் தரையில் டக்டக்கென்று கேட்டால் நுனியை வெட்டிவிடுங்கள்.

இனி வணக்கம். இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே செய்யலாம். முதலாவது, காத்திருந்து பிடிப்பது. தூங்கி எழும் நேரத்தில் தீனியோடு பக்கத்தில் இருங்கள். உடம்பை நீட்டி முறிக்கும்போது மார்பு தாழ்ந்த அந்த நொடியில் ‘ஜோர்’, உடனே தீனி. குட்டி பகலிலேயே பல தடவை தூங்கி எழுவதால் வாய்ப்புக்குக் குறைவிருக்காது. நாலைந்து நாளில், தீனிக்காக வேண்டுமென்றே நீட்டிக் காட்ட ஆரம்பிப்பான்.

இரண்டாவது, குட்டி நிற்கும்போது தீனியை மூக்கருகே வைத்து, நேர்கீழாக இறக்கி, இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே மார்பை நோக்கிச் சற்றே உள்ளே தள்ளுவது. மூக்கு தொடர்ந்து வரும், முழங்கை மடியும். முதல் நாள் பாதி தாழ்ந்தாலே ‘ஜோர்’. முழங்கை தரையைத் தொடுவது மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வரட்டும். பின்பக்கமும் சேர்ந்து படுத்துவிட்டால் நீங்கள் தாமதிக்கிறீர்கள் என்று பொருள். இன்னும் முன்னதாக ‘ஜோர்’ சொல்லுங்கள். அப்படியும் படுத்தால் மற்றக் கையை வயிற்றுக்கு அடியில் அணைபோல வையுங்கள், தூக்க வேண்டாம். ‘படு’ என்ற கட்டளையை வணக்கம் ஊன்றிய பிறகே தொடங்குங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் பழக்கினால் குழம்புவான்.

நிலை உறுதியானதும், முதலில் கை கூப்புங்கள், ஒரு நொடி பொறுங்கள், பிறகு பழைய அசைப்பு. ஒரு வாரத்துக்குள் கை கூப்பியதுமே தாழத் தொடங்கிவிடுவான். வாய்ச்சொல்லைவிடக் கையடையாளம் உங்களுக்கு நல்லது. நாய் உடலசைவைத்தான் சீக்கிரம் படிக்கும். அதிலும் இது கண்ணை நம்பி வேட்டையாடும் இனம். தவிர, விசேஷ வீட்டு இரைச்சலில் சொல் கேட்காது, கூப்பிய கை தெரியும்.

வாய்ச்சொல் வைப்பதென்றால் ஓசை வேறுபட வையுங்கள். ‘படு’, ‘குடு’, ‘போடு’ மூன்றும் குட்டிக்கு ஒன்றுபோலக் கேட்கும். ஒருவர் ‘உக்காரு’, ஒருவர் ‘சிட்’ என்று சொல்லாமல், எல்லாருக்கும் ஒரே சொல்லாக எழுதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு நான்கு தடவை போதும். சாப்பாட்டுக்கு முன், பசி இருக்கும்போது. வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும். முற்றத்துக் கல்லில் உங்கள் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதத்துக்கும் அது சூடுதான்.

தீனிக்கு பிஸ்கட்டை விடுங்கள், அதில் சர்க்கரை. உப்பில்லாமல் வேகவைத்த கோழி அல்லது முட்டை வெள்ளைக்கரு, பொட்டுக்கடலை அளவு. நாளைக்கு ஐம்பது துண்டு வரை போகலாம். மொத்தம் அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கோழியை மசாலா சேர்க்கும் முன்பே எடுத்துவையுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் மூன்றும் நஞ்சு.

பெரிய வீடு உங்களுக்கு வரம். தடுப்பூசி வரிசை பதினாறு வாரம் வரை போகும். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய்ப் பயத்தால் தெருவில் விடக் கூடாது. வீட்டுக்குள்ளேயே இடம் மாற்றிப் பழக்கலாம். இரண்டாம் கட்டில் (வீட்டின் உட்பகுதியில்) கற்றது வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) வராது, வளவில் கற்றது முகப்பில் (வாசல் பக்கத்தில்) வராது. இடம் மாறினால் நாய்க்குப் பாடமும் புதிது. அமைதியான உள்கட்டில் தொடங்கி, வளவு, கடைசியாக முகப்பு. அணிலும் பூனையும் ஓடுவது தெரியும் முகப்பில் இவன் கண் அங்கேதான் போகும். புது இடத்தில் முதல் நாள் பழையபடி தீனி காட்டி எளிதாக்குங்கள், பிறகு கூட்டுங்கள்.

அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அடிபட்ட குட்டி கையைக் கண்டால் ஒதுங்கும், பயத்தில் இருந்த இடத்திலேயே சிறுநீர் விடும். கை நெருங்கினாலே பயப்படுகிற நாய் கூப்பிய கைக்கு எப்படி வணங்கும்? இந்த இனம் கடிந்த குரலுக்கே சுருங்கிப்போகும். அப்பத்தா கையாலேயே தினமும் நாலு துண்டு கொடுக்கச் சொல்லுங்கள். அவர் கூப்பினால் முதலில் வணங்குவான்.

சாந்திக்கு மூன்று வாரம் இருக்கும்போதே மேளச் சத்தத்தைப் போனில் மிக மெல்ல ஒலிக்கவிட்டுச் சோறு வையுங்கள். காதை மடக்காமல் சாப்பிட்டால் மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். விருந்தினர்போல நான்கைந்து பேரை வரவழைத்துக் கை கூப்பச் சொல்லுங்கள். அன்றைக்கு அவன் ஐந்தரை மாதக் குட்டி, பால்பல் விழுந்துகொண்டிருக்கும், ஈறு நமைச்சல் இருக்கும். காலையில் கூட்டம் சேரும் முன் ஐந்து நிமிடம் வணங்கவைத்துவிட்டு, விரிப்பும் தண்ணீரும் கடிக்க ஒரு கெட்டி ரப்பர் பொம்மையும் வைத்து உள்கட்டு அறையில் விட்டுவிடுங்கள். யாரும் இலையிலிருந்து வடையோ அதிரசமோ போடாமலிருக்க, அந்த அறைச் சாவி ஒருவர் இடுப்பில் மட்டும் இருக்கட்டும்.