தனியாகக் குழந்தையை வளர்த்துக்கொண்டே பட்டப்படிப்பை முடிக்க முடியுமா?

கணவரைப் பிரிந்து ஏழு வயது மகளுடன் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வாழ்வதாகவும், பிளஸ் டூவோடு நின்ற படிப்பைத் தொடர எது நல்ல வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே சித்தூர் தாலுகாவைச் சேர்ந்தவள்தான். மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்து, மூன்றாண்டுப் படிப்பை நான்காண்டில் முடித்தேன்.

சேர்வது எளிது. என்னைத் திணறடித்தவை தேர்வு நாள்களே. மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்துக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்பதால், தமிழ்வழியில் படிக்க விரும்பிய நான் ஒவ்வொரு தாளுக்கும் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போக வேண்டியிருந்தது. விடிந்ததும் பேருந்து ஏற வேண்டும். பள்ளியோ ஒன்பது மணிக்கு மேல்தான் திறக்கும். இடைப்பட்ட அந்த நேரத்துக்கு ஆளில்லாமல் முதலாண்டில் இரண்டு தாள்களை எழுதாமலே விட்டேன். பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம், தேர்வு நாள்களில் அவர் என் மகனைப் பள்ளிக்கு அனுப்பிவைப்பது, பதிலுக்கு நான் அவருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது என்று பேசிக்கொண்டேன். சும்மா கேட்கும் உதவி இரண்டாம் முறையே நாக்கில் கூசும். கணக்கு வைத்துக்கொண்டால் கூசாது.

ஆகவே பாடத்தை முடிவுசெய்யும் முன் தேர்வு நாள்களுக்கு வழி செய்யுங்கள். இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இளநிலைப் படிப்பை ஆறாண்டு வரை நீட்டி முடிக்கலாம். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு உண்டு. குழந்தை உறங்கிய பின் வீட்டிலேயே எழுதும் ஒப்படைப்புகளுக்கும் (அசைன்மென்ட்) மதிப்பெண்ணில் பங்குண்டு. ஆனால் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். பகல் முழுவதும் ஒதுக்க முடிந்தால் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் இருக்கிறது.

அஞ்சல்வழிப் பட்டமா என்று உறவினர் முகம் சுளிப்பார்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்திவிட்டது. உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் இதை வாசிக்கும் வேறு தாய்மாருக்காக ஒன்று: பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் இல்லாமல் நேரே பெறும் திறந்தநிலைப் பட்டத்தைத் தமிழ்நாடு அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என 2009இலேயே அரசாணை வந்துவிட்டது.

உதவித்தொகையைப் பெரிதாக நம்பாதீர்கள். கேரள அரசின் ‘படவுகள்’ திட்டம்கூட விதவையின் பிள்ளைகள் படிக்கத்தான். தாயே படிக்க ஆசைப்படுவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். விண்ணப்பித்துப் பார்ப்பதானால் வருமானச் சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள். ஓர் அலுவலகத்தில், விவாகரத்து ஆகவில்லையே, கணவர் வருமானத்தையும் காட்டுங்கள் என்று என்னை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். தனியாக வாழ்வதைக் காட்டும் ரேஷன் அட்டையும், நீதிமன்றத்தில் கொடுத்த ஜீவனாம்ச மனுவின் நகலும் நான்காம் முறை கைகொடுத்தன.