திருப்பிக் காட்டிய சீட்டு – கடிதம்

வணக்கம் சார்,

சில மாதங்களாக நேரில் போக்கர் ஆடி வருகிறேன், டெக்ஸஸ் ஹோல்டம்: கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. நல்ல கை வந்தால் ஏற்றுவேன், குப்பை வந்தால் போட்டுவிடுவேன். நடுத்தரக் கை வந்தால்தான் மாட்டிக்கொள்கிறேன். போன வாரம் என்னிடம் ஆர்ட்டின் ஏஸும் கிளாவர் பத்தும். ஃப்ளாப்பில், அதாவது மேசையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டில், பத்து, ஏழு, நாலு. ஏழும் நாலும் ஆர்ட்டின். பெட் வைத்தேன். நாலாவது சீட்டான டர்னில் ரெண்டு விழுந்தது, மறுபடியும் வைத்தேன். எதிரே ஒரு பெரியவர் இரண்டு தடவையும் சத்தமில்லாமல் அதே அளவு சிப் போட்டுக் கால் செய்தார். கடைசிச் சீட்டான ரிவரில் ராணி. நான் பெட் வைக்காமல் செக் செய்தேன். நடுவில் 200 சிப் இருந்தது, அவர் 150 வைத்தார். இரண்டு நிமிடம் யோசித்தேன். ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) அமையாமல் ப்ளஃப் செய்கிறார், பொய்யாகப் பெட் வைக்கிறார் என்று உள்ளுக்குள் தோன்றியது. கால் செய்தேன். மூன்று ஏழு காட்டினார். இந்த மாதிரி இடத்தில் கால் செய்வதா, சீட்டைப் போட்டுவிட்டு ஃபோல்ட் செய்வதா என்று எப்படி முடிவு செய்வது? கணினி நிரலான சால்வர் போட்டுத் தரும் அட்டவணைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் உதவுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கண்ணாடி வேண்டாம். சால்வரும் இப்போதைக்கு வேண்டாம். அது தன்னைப் போலவே பிசகாமல் ஆடும் ஒருவனை எதிரே உட்காரவைத்துப் போட்ட கணக்கு, உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது அந்தப் பெரியவர்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். 150 போட்டால் 350-ஐ அள்ளலாம், எல்லாம் சேர்த்து 500. பத்துக்கு மூன்று முறை ஜெயித்தாலே கால் செய்ததில் நஷ்டமில்லை. சரி, அவர் பத்துக்கு மூன்று முறை பொய் சொல்கிற ஆளா? ஏனென்றால் உங்களிடம் தோற்கக்கூடிய சின்னத் துணைச் சீட்டோடு ஒரு பத்தையோ ஒற்றை ஏழையோ வைத்துக்கொண்டு அவர் அங்கே முக்கால் பங்கு பெட் வைக்கப்போவதில்லை, செக் செய்துவிட்டுப் பேசாமல் இருப்பார். ஆக உங்கள் பத்து ஜோடி அந்த இடத்தில் பொய்யை மட்டும்தான் ஜெயிக்கும், ஏஸ் கிக்கர் (ஜோடிக்குத் துணைச் சீட்டு) எல்லாம் வெறும் அலங்காரம். அமையாமல் போன கைகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை: வரிசை (ஸ்ட்ரெய்ட்) சேராத ஒன்பது எட்டு, ஆறு ஐந்து, ஃப்ளஷ் சேராத இரண்டு ஆர்ட்டின் சீட்டு. ஆனால் ஃப்ளஷுக்குக் காத்திருப்பவர்களில் பலர் ஆர்ட்டின் ஏஸைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள், அது உங்கள் கையில் இருந்தது! கையில் இருக்கும் சீட்டையே பார்க்காதவர் எதிராளியின் மனதைப் படித்தாராம். தவிர, இரண்டு சுற்று வெறுமனே கால் செய்துவந்த அமைதியான ஆள் ரிவரில் திடீரென்று தானாகப் பெட் வைத்தால், பெரும்பாலும் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அமையாத கையோடு அவர்கள் சும்மா செக் செய்துவிட்டுத் தோற்றுப்போவார்கள். ஃபோல்ட். உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்தது.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை, 'உள்ளுக்குள் தோன்றியது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. தோன்றவில்லை எஸ்., ஆசைப்பட்டீர்கள். அந்த இரண்டு நிமிடமும் நீங்கள் யோசிக்கவில்லை, கால் செய்வதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தீர்கள். ஜெயிக்கிற ஆசைகூட இல்லை அது. அவர் சீட்டைப் பார்த்துவிடவேண்டும், அவ்வளவுதான். ஃபோல்ட் செய்தால் அவரிடம் என்ன இருந்தது என்று தெரியவே தெரியாது. அதைத் தாங்க முடியாமல் 150 சிப் கட்டிப் பார்த்தீர்கள்.

திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், இந்த வியாதி எனக்கு எங்கே ஒட்டியது என்று நன்றாகத் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒரு மேசையில் எனக்கும் இதே மாதிரி ஒரு கை, ஒன்பது ஜோடி. எதிரே என்னைவிடச் சின்னப் பையன், இரண்டு அடுக்கு சிப்பை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செருகிச் சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பான். ரிவரில் பெரிதாக வைத்தான். ஃபோல்ட் செய்தேன். டீலர் சிப்பை அவன் பக்கம் தள்ளியாயிற்று. அப்புறம்தான் சீட்டைத் திருப்பினான். முதலில் ஐந்து. கொஞ்சம் விட்டு, ஓரத்தை நகத்தால் நெம்பி, ஆறு. ஒரு ஜோடிகூட இல்லை. மேசையே சிரித்தது. டீலர் இரண்டையும் உள்ளங்கை ஓரத்தால் வாரிக்கொண்டார். மொத்தமே நாலைந்து வினாடி.

அன்றைக்கு அதன்பிறகு அவனை நான்கு முறை கால் செய்தேன், நான்கிலும் அவனிடம் கை இருந்தது. அவன் அந்தச் சீட்டைக் காட்டியது அதற்குத்தான் என்று எனக்கு உறைக்க ரொம்ப நாளானது.

நேரில் ஆடும் மேசையில் மணிக்கு 25, 30 கைதான் ஓடும். ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் 150, 180 கை. முக்கால்வாசியை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம், அந்தச் சும்மாவுக்குள் அந்த ஐந்தும் ஆறும் வந்து வந்து போகும். சரியாக ஃபோல்ட் செய்த கைகளை யாரும் திருப்பிக் காட்டுவதில்லை, அதனால் அவை நினைவிலேயே இல்லை. பொய் என்று காட்டப்பட்ட ஒன்று மட்டும் நிற்கும், அதை வைத்து உலகமே நம்மை ஏமாற்றுகிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

இதில் தொலைக்காட்சி வேறு. லாஸ் வேகாஸில் 2003-இல் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடி, கடைசியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளரும் சாம்மி ஃபார்ஹா என்ற தொழில்முறை ஆட்டக்காரரும் மிஞ்சினார்கள். அந்தக் கையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி, ராணி கிக்கர். மேசையில் இருந்ததில் ஒன்பதுதான் பெரிய சீட்டு. மணிமேக்கரிடம் ராஜாவும் ஏழும், ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் இரண்டுமே அமையவில்லை. ரிவரில் இருந்ததையெல்லாம் தள்ளினார். ஃப்ளஷ் அமையவில்லை போல என்று ஃபார்ஹா வாய்விட்டே கேட்டார், கேட்டுவிட்டு ஃபோல்ட் செய்தார். மணிமேக்கர் 25 லட்சம் டாலரோடு போனார். அன்றிலிருந்து அதைப் பார்க்கிறவன் எல்லாம் 'நானாக இருந்தால் கால் செய்திருப்பேன்' என்கிறான். செய்திருப்பாய் அப்பா, உனக்குத்தான் திரையின் ஓரத்தில் இரண்டு பேர் சீட்டையும் போட்டுக் காட்டுகிறார்களே! ஃபார்ஹா செய்தது தவறு என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இதே ஒன்பது ஜோடியை வைத்துக்கொண்டு நானும் எழுந்து போயிருக்கிறேன் என்பதால் இருக்கலாம்.

உங்கள் பெரியவரிடம் வருகிறேன். அவரோடு எவ்வளவு நேரம் ஆடினீர்கள், அதற்கு முன் அவர் ரிவரில் பெட் வைத்து யாராவது கால் செய்தபோது என்ன காட்டினார், ஒரு வரி இல்லை கடிதத்தில். ராணி விழுந்தபோது அவர் எங்கே பார்த்தார், உங்களையா, தன் சிப்பையா? நினைவிருந்தால் எழுதுங்கள்.