புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்றுபோகிறது. விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகுமா?

போடாதீர்கள். ராமை, அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக மெமரியை, சோதித்து முடிக்கும்வரை விண்டோஸ் பக்கமே போகாதீர்கள்.

புது சிஸ்டம், சில நேரம் விண்டோஸ் பிழை காட்டி நிற்கும் நீலத்திரை, சில நேரம் ஒன்றும் சொல்லாமல் ரீஸ்டார்ட், கேம் ஆடும்போதும் நிற்கிறது, சும்மா பாட்டுக் கேட்கும்போதும் நிற்கிறது, கடைக்காரர் "விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும், கொண்டு வாங்க, மறுபடி போட்டுத் தர்றேன்" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். மாதக்கணக்கில் சேர்த்த பணத்தில் வாங்கியிருப்பீர்கள். வீட்டில் யாராவது "பேசாமல் லேப்டாப் வாங்கியிருக்கலாம்" என்று ஆரம்பித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ஹார்டுவேர் இன்ஜினியர் இல்லை. வங்கியில் வேலை. ஆனால் 2000களின் தொடக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று நிறையப் பேருக்கு சிஸ்டம் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். படித்த சான்றிதழ் எங்கே என்று கேட்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் அக்கா மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். குரோம்பேட்டையில் வாடகை வீடு. அவளுக்கு ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) என்று பட்டியல் கொடுத்தேன். அந்த விலைக்கு அது நல்ல பட்டியல், இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன். சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கினோம். அவர்களே அசெம்பிள் செய்து, விண்டோஸ் போட்டு, ஒரு படத்தை ஓட்டிக் காட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை. ரெண்டர் (வரைந்த மாடலைப் படமாக்கும் வேலை) போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் ஒழுங்காக முடிந்திருக்கும். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் நின்றுவிடும். நீலத்திரையில் ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்று வரும், மறுநாள் வேறு ஏதோ பெயர் வரும். பெரிய ஜிப் ஃபைலை விரித்தால் ஃபைல் கெட்டிருக்கிறது என்று சிஆர்சி எரர் வரும், அதே ஃபைலை மறுபடி விரித்தால் வராது. கடைசியில் அவளுடைய செமஸ்டர் பிராஜெக்ட் ஃபைல் திறக்கவே மறுத்துவிட்டது. சேவ் செய்தபோது எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அந்தப் பிள்ளை அன்றைக்கு அழுததை இன்னும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கடையில் முதலில் விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி நின்றது. அப்புறம் "உங்க வீட்டு கரண்ட் சரியில்ல" என்றார்கள். அதற்கும் அடுத்த தடவை அவளைப் பார்த்து, "ஏம்மா, கண்ட சாஃப்ட்வேர் எல்லாம் ஏத்தினா இப்படித்தான் ஆகும்" என்றார்கள். மின்சார ரயிலில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு போன பெண்ணிடம் பேசும் பேச்சா அது? நான் உடன் போன அன்று அதே ஆள் "சார், சார்" என்று பேசினார்.

விண்டோஸை ஏன் மறுபடி போடக் கூடாது என்கிறேன் என்றால், விண்டோஸ் ஏறும்போது ஒவ்வொரு ஃபைலும் ராமில் விரிந்துதான் எஸ்எஸ்டிக்குப் போகிறது. ராமில் ஒரே ஒரு பிட் தவறினாலும், தவறிய ஃபைல்தான் டிஸ்கில் பதியும். அதாவது புது விண்டோஸ் பிறக்கும்போதே பழுதோடு பிறக்கிறது. பிறகு கடைக்காரர் விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேனை ஓட்டுவார். அது "கெட்டுப்போன ஃபைல்கள் இருக்கின்றன" என்று சொல்லும். "பார்த்தீங்களா, விண்டோஸ்தான் பிரச்சினை" என்று மறுபடியும் போடுவார். எங்களுக்கு நடந்தது இதேதான். ஒவ்வொரு முறையும் அவளுடைய ஃபைல்களைப் பென்டிரைவுக்கு மாற்றி, திரும்ப ஏற்றி, அந்தப் போக்குவரத்திலும் இன்னும் சில கெட்டன. அதனால் இன்றைக்கே முதல் வேலையாக, முக்கியமான ஃபைல்களை அந்த சிஸ்டத்தில் தொடுவதை நிறுத்துங்கள். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டு நகல் எடுங்கள்.

கடையை விட்டுவிட்டு நானே உட்கார்ந்தபோது முதலில் பார்த்தது ஈவென்ட் வியூவர், அதாவது விண்டோஸ் தனக்கு நடந்ததை எழுதிவைக்கும் பதிவேடு. விண்டோஸ் தேடல் பெட்டியில் அடித்தாலே வரும். சிஸ்டம் பதிவுகளில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக வரிசையாக இருக்கும். பெயரில் பவர் இருப்பதால் நிறையப் பேர் உடனே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது, சிஸ்டம் முறையாக ஷட்டவுன் ஆகாமல் திரும்ப எழுந்தது என்பதை மட்டும்தான். ஏன் என்று சொல்லாது. காரணத்துக்கு அதே பதிவின் டீடெய்ல்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்ற எண்ணைப் பாருங்கள். 0 என்று இருந்தால், என்ன நடந்தது என்று எழுத விண்டோஸுக்கு நேரமே கிடைக்கவில்லை. கரண்ட் பட்டென்று போயிருக்கும், அல்லது போர்டு மொத்தமாக உறைந்திருக்கும். அப்போது எஸ்எம்பிஎஸ், கேபிள், யூபிஎஸ் பக்கம் பார்க்கலாம். 0 அல்லாத எண் இருந்தால் விண்டோஸ் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் நின்றிருக்கிறது. 26 என்றால் மெமரி மேனேஜ்மென்ட். 292 என்றால் பிராசசரோ போர்டோ தானே பிழை என்று அறிவித்தது. 278 என்றால் கிராஃபிக்ஸ் கார்டோ, அதை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் நிரலோ பதில் சொல்லவில்லை. அக்கா மகள் சிஸ்டத்தில் 26 இருந்தது, 10 இருந்தது, 80 இருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் என்றால் எனக்கு முதல் சந்தேகம் ராம்தான். டிரைவர் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப விழும்.

"ராம் டெஸ்ட் பண்ணிட்டோம், பாஸ்" என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் ஓட்டியது விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக். அது சீக்கிரம் முடிந்துவிடும், நிறையவற்றைத் தவறவிடும். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, இரவு முழுக்க ஓட விடுங்கள். 32 ஜிபி என்றால் ஒரு சுற்று முடியவே மணிக்கணக்கில் ஆகும். முதல் சுற்றில் ஒன்றும் வரவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. எங்களுக்கு முதல் சுற்று சுத்தமாகப் போய், நடு இரவில்தான் சிவப்பு வரிகள் வந்தன. அதுவும் ஏறக்குறைய ஒரே முகவரியில். இதில் "கொஞ்சம் எரர் பரவாயில்லை" என்ற பேச்சே கிடையாது. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராமை நம்பக் கூடாது.

எரர் வந்ததும் ராமைத் தூக்கிப் போடவும் கூடாது. பயாஸில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரையில், எக்ஸ்எம்பி என்றோ டிஓசிபி என்றோ, புதிய டிடிஆர்5 வகை ராம் என்றால் எக்ஸ்போ என்றோ ஒன்று இருக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் அதை ஆன் செய்தால்தான் வரும். அது ஓவர்கிளாக், அதாவது விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது; உங்கள் பிராசசர் எல்லா நேரமும் அதைத் தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எரர் போய்விட்டால் ராம் நல்லதாகவே இருக்கலாம், வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும். நான்கு ராம் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7000 வரிசை பிராசசரில் நான்கு டிடிஆர்5 போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகமே 3600தான். 6000 என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று நான்கையும் செருகிவிட்டு, நிற்கிறது நிற்கிறது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எங்களுக்கு அணைத்த பிறகும் எரர் வந்தது. பிறகு ஒரு ராமை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு ஓட்டினேன். சுத்தம். அதே ஸ்லாட்டில் மற்றதைப் போட்டேன், எரர். அதையே நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றினேன், அங்கேயும் எரர். ஆக, ஸ்லாட்டும் போர்டும் சரி, அந்த ஒரு ராம்தான் கோளாறு. எந்த ராமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் எரர் வந்தால் கதை வேறு: போர்டாக இருக்கலாம், பிராசசர் கூலரை ஒரு பக்கமாக இறுக்கியதால்கூட இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் மாற்றி, பயாஸையும் அப்டேட் செய்து, டிரைவரையும் புதிதாகப் போட்டுவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். மறுபடி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

திரையில் எரர் தெரியும்போதே, ராமின் சீரியல் எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தேன். பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்கு அவளையே அனுப்பினேன், நான் போகவில்லை. இந்த முறை யாரும் சாஃப்ட்வேர் கதை பேசவில்லை. ஜோடியாக விற்ற ராம் என்பதால் இரண்டையும் வாங்கிக்கொண்டு சர்வீசுக்கு அனுப்பினார்கள். ராமுக்குப் பெரும்பாலும் நீண்ட கால வாரண்டி உண்டு, அதனால் பில்லைத் தொலைக்காதீர்கள், தெர்மல் பேப்பர் பில் என்றால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். மாற்று ராம் வந்து, மெம்டெஸ்ட் ஓட்டி, சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். இன்றுவரை நிற்கவில்லை.

"எல்லாக் கடையும் அப்படி இல்லை" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும். நாலு மணி நேரம் மெம்டெஸ்ட் ஓட்டாமல் சிஸ்டத்தை வெளியே விடாத கடைக்காரர்களையும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் கிடைத்தால் ஆயிரம் ரூபாய் அதிகம் என்றாலும் அவரிடமே வாங்குங்கள்.

கரண்ட் சரியில்லை என்று சொன்னார்களே, அதையும் சோதிக்காமல் விடவில்லை. கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்றது. எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து பார்த்தால், மூன்று பின் சாக்கெட்டில் எர்த் துளை இருக்கிறது, உள்ளே ஒயரே இல்லை. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகச் சிறு கசிவு கேபினெட்டில் ஏறும். சிஸ்டம் நின்றதற்கு அது காரணம் இல்லை, ஆனால் ஆள் உயிருக்கு ஆபத்து. வீட்டுக்காரரிடம் சொன்னால், "பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஓடுதே, உங்களுக்கு மட்டும் என்ன" என்கிறார். கடைசியில் அக்கா தன் கைக்காசில் ஒயர் இழுத்தாள். இதே வீட்டுக்காரர் கரண்டுக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இலேயே கொண்டுவந்தார்கள். அந்த இலவசம் வாடகைக்கு இருக்கிறவனுக்குப் போய்ச் சேர்கிறதா? மாடியில் ஒரு சப்-மீட்டரை மாட்டி, முதல் யூனிட்டிலிருந்தே வசூல். கேட்டால் "இஷ்டம் இருந்தால் இருங்க". கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சென்னையில் வாடகைக்கு இருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதைச் சொல்வார்கள்.

சரி, உங்கள் சிஸ்டத்துக்கு வருகிறேன். ராம் சுத்தம் என்று வந்து, பக்செக்கோட் 0 என்றும் இருந்தால், கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். 8 பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட்தான் கணக்கு. இரண்டு இணைப்பு உள்ள கார்டுக்கு, ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் இழுங்கள். கரண்ட் போய் யூபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் மட்டும் அணைகிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்வதற்கு முன் வேறு யூபிஎஸ்ஸில் ஓட்டிப் பாருங்கள். மலிவான யூபிஎஸ் தரும் சதுர அலையோடு சில புது எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போவதில்லை.

இன்னொன்று. உங்கள் பிராசசர் இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறையின் ஐ7, ஐ9 வகை என்றால் மேலே சொன்னதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். அந்த பிராசசர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி நாளடைவில் கெட்டுப்போகின்றன என்று 2024 ஜூலையில் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலிருந்து திருத்தத்தை பயாஸ் வழியாகக் கொடுத்தார்கள், பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக்கினார்கள். கிராஃபிக்ஸ் கார்டு நன்றாக இருக்கும்போதே கேம் திறக்கையில் வீடியோ மெமரி போதவில்லை என்று வருவது இதன் அறிகுறிகளில் ஒன்று. ஏற்கெனவே கெட்டுவிட்ட பிராசசரை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். "பிராசசர் எல்லாம் கெடவே கெடாது சார்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த பிராசசர், எத்தனை ராம், எக்ஸ்எம்பி ஆனில் இருக்கிறதா, கடைசியாக நின்ற நாலைந்து தடவைக்கு பக்செக்கோட் எண் என்ன என்று கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.